காவேலு: லேசான் தீவின் கொத்துப்புல்

அறிவியல் பெயர்: எராகுரோஸ்டிஸ் வேரியாபிலிஸ்
உரிய இடம்: ஹவாய்த் தீவுகள் மட்டும்

ஹொனலுலுவிலிருந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. வடமேற்கே, பசிபிக் கடலின் நடுவில் கிடக்கிறது லேசான். பரப்பு சுமார் 4 சதுர கி.மீ.; அதில் பெரும்பகுதி பவள மணல். அந்த மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைப்பது கொத்துக் கொத்தாக வளரும் இந்தப் பல்லாண்டுப் புல்தான். லேசான் ஃபிஞ்ச் பறவை பெரும்பாலும் இதன் அடர்ந்த தூர்களுக்குள்தான் கூடு கட்டுகிறது. லேசான் வாத்தும் இதன் மறைவில் முட்டையிடுகிறது.

1903-இல் இறைச்சிக்காக இங்கே முயல்கள் விடப்பட்டன. இருபதே ஆண்டுகளில் தீவின் பசுமை அநேகமாக அழிந்தது. 1923-இல் ‘டானஜர்’ கப்பலில் வந்த ஆய்வுக் குழு கடைசி முயல்களைக் கொன்றது. அப்போது மூன்றே மூன்று லேசான் தேன்சிட்டுகள் எஞ்சியிருந்தன. தடுக்கச் செடியில்லாத மணற்புயலில் அவையும் மடிந்தன. அந்த இழப்பு மனிதர் கையால் நேர்ந்தது. புல்லோ மெல்ல மீண்டது.

பின்னர் முள்விதை கொண்ட அயல்புல் ஒன்று காவேலுவின் இடத்தைப் பிடித்தது. 1990-களில் தொடங்கிய களையெடுப்புக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

இன்று அனுமதியின்றி லேசானில் கால் வைக்க முடியாது. அயல் விதையோ பூச்சியோ நுழையாதிருக்க, அங்கே இறங்குவோர் புதிய உடைகளையே கொண்டுசெல்ல வேண்டும். அவற்றையும் முன்னதாக 48 மணி நேரம் உறைநிலையில் வைக்க வேண்டும்.