பெயர் நீக்கிய பிறகும்

பெயரை அழித்துவிட்டால் ஆள் மறைந்துபோவான் என்பது தரவுத்தளம் வடிவமைப்பவர்களிடையே நிலவும் ஓர் ஐதீகம். நானும் அதை நம்பினவன்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் காப்பீட்டு ஆணையம், சுமார் 1,35,000 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. இதை வச்சு யாரைப் பிடிக்க முடியும்ங்கிற நினைப்பு. 1997இல், அப்போது மாணவியாயிருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் 6 பேர். அதில் ஆண்கள் 3. அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருத்தர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

இதில் துப்பறியும் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, வெறும் பெருக்கல்தான். 18 வயதுக்கு மேல் 80 வருஷம் என்று கொண்டால் பிறந்த தேதிகள் 29,200. ஆண், பெண் எனப் பிரித்தால் 58,400 கட்டங்கள். பட்டியலிலோ 54,805 வாக்காளர்கள். கட்டத்துக்கு ஒரு ஆள்கூடத் தேறவில்லை. தேதியால் மட்டும் தனித்து நின்றவர்கள் 12 சதவீதம். தேதியும் அஞ்சல் குறியீடும் சேர்ந்தபோது 69. (பட்டியலில் இல்லாதவர்களும் ஊரில் உண்டு, ஆகவே பட்டியலில் தனியாக நிற்பவர் ஊரிலும் தனி என்று சாதிக்க முடியாது. வெல்ட் 1996இல் பட்டமளிப்பு விழாவொன்றில் மயங்கி விழுந்தது ஊரறிந்த சேதி. அது அந்த இடைவெளியை அடைத்தது.)

ஆபத்தின் நிகழ்தகவு சராசரியாக மிகக் குறைவு என்று அறிக்கை எழுதுபவர்களை, யாருக்குக் குறைவு என்றுதான் கேட்கவேண்டும். கட்டத்தில் தனியாக நிற்பவருக்கு அது கிட்டத்தட்ட 1. சராசரி என்பது பெரும்பான்மையின் மொழி.

தேதியை வருஷமாகச் சுருக்கலாம், குறியீட்டில் கடைசி இலக்கங்களை வெட்டலாம். கட்டத்துக்குக் குறைந்தது 5 பேர் என்று வந்துவிட்டால், எந்த வரி யாருடையது என ஊகிப்பவனுக்கு வாய்ப்பு 5இல் 1தான். சரி, அந்த 5 பேருக்கும் ஒரே நோய்னா? எந்த வரி யாருடையதுன்னு அவன் தேடவே வேண்டாம்.

கூலி விவசாயிகளிடம் நாங்கள் எடுத்த கணக்கெடுப்பை இப்படித்தான் ஐந்தைந்து குடும்பமாகத் தொகுத்தேன். ஒரு தெருவில் ஐந்து வீடும் ‘கடன் யாரிடம்’ என்பதற்கு ஒரே பதிலைச் சொல்லியிருந்தன. பிரதியை வெளியே கொடுப்பதற்கு முந்தின ராத்திரிதான் அதைக் கவனித்தேன். அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிட்டுக் கொடுத்தோம்.