நூலகத்துக்குப் போகச் சொன்னார்கள்!

நூலகத்துக்குப் போகட்டும், முதலில் பாடம் படிக்கட்டும், பிறகு எழுத வரட்டும் என்று ஏளனம் செய்தார்கள் ஓர் இளைஞரை. யாரை? எழுத்தறியாதவரையா? இல்லை, தோழர்களே! கதிரவனைப் பற்றிய ஆராய்ச்சியையே புதிய பாதைக்குத் திருப்பிவிட்ட யூஜின் பார்க்கரை!

1927இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1958இல், முப்பது வயதில், அவர் எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்புதான் அந்த ஏளனம்.

அப்படி என்ன எழுதிவிட்டார்? கதிரவனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது என்று எழுதினார். மரத்தை அசைக்கும் காற்றல்ல அது. மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டம். நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகம். விரைவு ரயில் ஏழு மணி நேரம் ஓடிக் கடக்கும் தொலைவை ஒரே நொடியில் கடக்கும் வேகம்!

கனவு கண்டா சொன்னார்? கணக்குப் போட்டுச் சொன்னார். கதிரவனைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் என்பது அன்றே அறிந்த செய்தி. வால்மீனின் வாலைத் தள்ளுவது கதிரவனிலிருந்து பாயும் துகள்களே என்று 1951இல் எழுதினார் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பியர்மன். இல்லை, அந்த வளையம் அசையாமல் பரந்து கிடக்கிறது என்றார் சிட்னி சாப்மன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார் பார்க்கர். உலை கொதித்தால் மூடி சும்மா கிடக்குமா? அத்தனை சூட்டில் உள்ள வாயுவைக் கதிரவனின் ஈர்ப்பாலும் கட்டிப்போட முடியாது. அது விரியும், விரிய விரிய வேகம் பெறும், ஒலியையும் மிஞ்சிப் பாயும் என்று சமன்பாட்டால் காட்டினார்.

கட்டுரை 'அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' என்ற ஆராய்ச்சி ஏட்டுக்குச் சென்றது. மதிப்பிட்ட அறிஞர் இருவர். இருவரும் வேண்டாம் என்றனர். எந்த வரி தவறு? சொல்லவில்லை. எந்தக் கணக்கு பிழை? காட்டவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்!

அந்த ஏட்டின் ஆசிரியர் யார் தெரியுமா? சுப்ரமணியன் சந்திரசேகர்! தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். 1935 ஜனவரியில், இருபத்து நான்கு வயதில், எரிந்தடங்கிய விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று லண்டன் அறிஞர் அவையில் அவர் எடுத்துரைத்தபோது, புகழின் உச்சியிலிருந்த எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார், அவை சிரித்தது. உலகம் அந்த உண்மையை ஒப்புக்கொள்ள ஆண்டுகள் பல ஆயின. நோபல் பரிசு வந்தது 1983இல்!

அந்தச் சிரிப்பைக் கேட்ட காது, சந்திரசேகருடைய காது. பார்க்கரின் முடிவு அவருக்கும் பிடிக்கவில்லை. வெளியிடத்தான் வேண்டுமா என்று பார்க்கரையே கேட்டார். பிழை என்று எதையும் குறிப்பிட்டுக் காட்டவில்லையே என்றார் இளைஞர். சந்திரசேகரும் கணக்கைப் பார்த்தார், பிழை அகப்படவில்லை. இருவர் தீர்ப்பையும் ஒதுக்கிவிட்டு, 1958 நவம்பரில் அச்சிலேற்றினார். தமக்குப் பிடித்ததை அச்சிட எவராலும் முடியும். பிடிக்காததையும் நியாயத்துக்காக அச்சிட்டாரே, அவரன்றோ ஆசிரியர்!

நான்கே ஆண்டுகள்! 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிப் பறந்த மாரினர் 2 கலம், வழிநெடுக அந்தக் காற்றை அளந்து காட்டியது. ஏளனம் அடங்கியது. பார்க்கரின் கட்டுரை ஒரு தனித்துறைக்கே அடிக்கல் ஆயிற்று.

ஏட்டறிவுதானே, உழைப்பவனுக்கு இதில் என்ன என்று கேட்பீர்களா? 1989 மார்ச்சில் கதிரவன் வீசியெறிந்த பிழம்பு மோதியதும், கனடாவின் கியூபெக் மாநிலமே இருளில் மூழ்கியது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம், அறுபது லட்சம் மக்கள்! அத்தகைய புயல் வருமுன் எச்சரிக்க முயலும் ஆராய்ச்சியெல்லாம் பார்க்கர் காட்டிய காற்றின் வழியே நடக்கிறது.

2018 ஆகஸ்ட் 12 அன்று கதிரவனை நோக்கி ஒரு கலத்தை ஏவியது நாசா. பெயர், பார்க்கர்! உயிரோடு இருந்த ஒருவரின் பெயரை அந்நிறுவனம் தன் கலத்துக்குச் சூட்டியது அதுவே முதல் முறை. தொண்ணூற்றொரு வயதில், தம் பெயர் தாங்கிய கலம் எழும்புவதைக் கண்ணாரக் கண்டார் அவர்; 2022இல் மறைந்தார். 2024 டிசம்பர் 24 அன்று அந்தக் கலம் கதிரவனின் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் அருகே சென்றது. மனிதன் செய்த வேறெந்தப் பொருளும் அதற்குமுன் அவ்வளவு நெருங்கியதில்லை.

அந்தக் கலத்தில் ஒரு சிறு நினைவகத் தகடு உண்டு. அதற்குள் இருப்பது என்ன? வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதே, அதே 1958ஆம் ஆண்டுக் கட்டுரை!

நாம் இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. ஆலையிலோ, சங்கத்திலோ, மன்றத்திலோ ஓர் இளைஞன் எழுந்து புதுக்கருத்து ஒன்றைச் சொன்னால், உனக்கென்ன தெரியும் என்று அவனை உட்காரவைக்காதீர்கள். தவறு எங்கே என்று காட்டுங்கள். காட்ட முடியவில்லையா? வழிவிடுங்கள்!