கடையின் கொள்கையும் அன்றாட வேலையும்

மலிவாக விற்பதா, கடனுக்குக் கொடுத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதா? இதை முதலில் முடிவு செய்தால்தான் கொள்முதல், குடோன், சிப்பந்தி, கல்லா எல்லாம் ஒரு வழிக்கு வரும்.

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரில் 1913இல் ஒரு தாயார் தொடங்கிய சிறு கடையை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவருடைய புதல்வர்கள் கார்ல், தியோ ஆல்பிரக்ட் ஏற்று நடத்தினர். அதுவே இன்றைய ஆல்டி. விலை குறைவு என்பதே அவர்கள் கொள்கை. அதற்காக வேகமாக நகரும் சில சரக்குகளை மட்டும் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் கொள்முதல் அளவு கூடியதால் விலை பேச இடம் கிடைத்தது. அட்டைப்பெட்டியோடே அடுக்கியதால் ஆள் கூலி மிச்சம். முதலும் முடங்கவில்லை.

கடன் கொடுக்கும் கடைக்கு வேலையே வேறு. பற்று வரவு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும். சரக்கு கொண்டுபோக ஆள் வேண்டும். வசூலுக்கு நாள் ஒதுக்க வேண்டும். இச்செலவை விலையில் சேர்த்தே ஆக வேண்டும். மாதக் கடைசியில் கைகொடுக்கும் கடை என்பதற்காக வாடிக்கையாளர் அந்த விலையைத் தருவார்.

எதிரில் பெரிய கடை வந்ததும் அதன் விலைக்கே இறங்கி, கடனையும் பழையபடி தொடர்வதில்தான் ஆபத்து. மொத்தக் கடைக்கு 15 நாளில் பணம் கட்டி, வசூல் 30 நாளில் வந்தால், இடைப்பட்ட 15 நாளும் நம் முதலே தாங்க வேண்டும். லாபமும் குறைந்தால் எது தாங்கும்? விற்பனை கூடும், கல்லா காலியாக இருக்கும்.

ஆகவே வணிக நண்பர்களே, விலையை மாற்றுமுன் வேலையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் பழைய விலையிலேயே நில்லுங்கள். வசூலை இறுக்கிப் பிடியுங்கள்.