மஞ்சள் விளக்கு எரிகிறதா? முதலில் பெட்ரோல் மூடியைப் பாருங்கள்

பெட்ரோல் காரின் டேஷ்போர்டில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்ததும், பெரிய செலவு வந்துவிட்டதென்று பல குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, கைமாற்று தேடி அலைவதையும் பார்க்கிறோம். இந்த விளக்கு எரியப் பல காரணங்கள் உண்டு. அவற்றில், சில சமயம் காசே செலவில்லாமல் சரியாகக்கூடிய ஒன்று பெட்ரோல் ஆவிக் கசிவு. அதை இங்கே விளக்குகிறோம்.

கசிவு எங்கே ஏற்படுகிறது?

டேங்கில் உள்ள பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றில் கலக்காமல், கேனிஸ்டர் எனப்படும் கரி நிறைந்த டப்பாவில் பிடித்து வைக்கப்படுகிறது. என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, ஆவியை என்ஜினுக்குள் அனுப்பி எரித்துவிடும். மூடி, ரப்பர் குழாய், வால்வு, கேனிஸ்டர் ஆகியவற்றில் எங்கேனும் கசிந்தால், அதைச் சோதிக்கும் வசதியுள்ள வண்டிகளில் விளக்கு எரியும். இந்த வசதி மாடலுக்கு மாடல் வேறுபடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. வண்டியை நிறுத்தி, பெட்ரோல் மூடியைக் கழற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு, 'கிளிக்' சத்தம் வரும்வரை இறுக்குங்கள். விளக்கு உடனே அணையாது. சில நாள் ஓடிய பிறகே அணையும்.

2. அணையாவிட்டால் ஸ்கேனர் போட்டுக் கோடு எண்ணை எழுதி வாங்குங்கள். பி0442 என்றால் சிறிய கசிவு. பி0455 என்றால் பெரிய கசிவு. எந்தப் பாகம் கெட்டது என்பதைக் கோடு சொல்லாது. எனவே கோடை மட்டும் வைத்துப் பாகத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

3. குழாய்களில் விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பர்ஜ் வால்வைக் கழற்றி ஊதினால் காற்று போகக் கூடாது; மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் இந்த வால்வு திறந்தபடி நிற்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

4. அப்போதும் தெரியாவிட்டால், குழாய்க்குள் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை கசியும் இடத்தைக் காட்டிவிடும்.

கவனம் தேவை

பெட்ரோல் வாடை அடித்தால் காத்திருக்காதீர்கள். அருகில் தீக்குச்சியோ பீடியோ கூடாது. மூடிய ஷெட்டில் நிறுத்தாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினாலும், சிவப்பு நிற ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தாலும், அது வேறு கோளாறு. வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

பங்கில் குழாய் தானாக நின்ற பிறகு, "ரவுண்டாகப் போடுங்க" என்று மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள். பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் அது கெட்டுவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு.

பேட்டரி வயரைக் கழற்றியோ ஸ்கேனரால் கோடை அழித்தோ விளக்கை அணைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. கசிவு இருக்கும்வரை விளக்கு திரும்ப எரியும். அப்படி அணைத்துவிட்டு வண்டியை விற்பது, குறையை மறைத்து விற்பதாகும். வாங்குபவரும் நம்மைப் போல் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைத்தான் கொண்டு வருகிறார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், ஏன் என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.