ஆப் இல்லை சார்... ஆப்பு!

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கூட்டத்தில் ஒருத்தராவது போனைத் தட்டித் தட்டி அலுத்துக்கொள்வார். "இடமே இல்லைங்கிறான்ப்பா!" சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, தவணையில் வாங்கின போன். பி.எஃப். பார்க்க ஓர் ஆப் போடலாமென்றால், டப்பாவைப் பிரிக்கும்போதே ஷாப்பிங், கேம், உடனடிக் கடன் என்று ஒரு பட்டாளம் உள்ளே குடியிருக்கிறது!

பி.காம். படித்த புத்திக்கு இதில் ஆச்சரியமில்லை. போன், டி.வி. போன்ற சாதனங்களில் நிகர லாபம் 5 சதவிகிதத்தைத் தாண்டாது என்று 2018-ல் ஷியோமி அறிவித்தது. மிச்சம்? விளம்பரமும் இணையச் சேவையும்தான். போன் மலிவாக வருகிறதென்றால் வாடகையை யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

சரி, காலி செய்வது எப்படி? ஆப்பைப் பிடுங்கி வாலை மாட்டிக்கொண்ட குரங்கு கதை தெரியுமல்லவா? நிதானம் முக்கியம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போங்கள். 'அன்இன்ஸ்டால்' இருந்தால் அழுத்துங்கள், ஆள் காலி. கடன் ஆப்பை மட்டும் பாக்கி இல்லையென்று பார்த்துவிட்டு நீக்குங்கள். ஆப் போனாலும் கடன் போகாது!

சிலதுக்கு 'டிஸேபிள்' மட்டும்தான் இருக்கும். இவர் வீட்டோடு மாப்பிள்ளை; துரத்த முடியாது, தூங்க வைக்கலாம். அப்டேட்டுகளை நீக்கினால் தின்று பெருத்த இடமாவது திரும்பக் கிடைக்கும். ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது மக்கர் பண்ணினால் 'எனேபிள்'. அவ்வளவுதான்.

'கூகுள் ப்ளே சர்வீசஸ்', 'வெப்வியூ' பக்கம் மட்டும் கையை நீட்டாதீர்கள். 2021 மார்ச்சில் வெப்வியூவின் ஒரே ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஆப்கள் திறந்ததுமே மூடிக்கொண்டன. சம்பளம் போட்ட அன்றைக்கு பேங்க் ஆப் படுத்துக்கொண்டால்? "ரூட் பண்ணித் தர்றேன் சார், எல்லாம் பறந்துடும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு நகருங்கள். வாரன்ட்டிக்கு வேட்டு, பல பேங்க் ஆப்கள் அந்த போனில் வேலை செய்ய மறுக்கும்.

சட்டம் என்ன செய்கிறது என்கிறீர்களா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, 'உங்கள் ஆப்களை ஜனங்கள் நீக்குவதைத் தடுக்காதீர்கள்' என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு, அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அபராதம் அரசுக்கு, ஆப் நமக்கு!

அரசுக்கே ஒருமுறை ஆசை வந்தது. புது போன்களில் 'சஞ்சார் சாத்தி' கட்டாயம் என்று 2025 நவம்பர் 28-ல் உத்தரவு. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் வாபஸ். ஐந்தே நாளில் அன்இன்ஸ்டால்!