இருபத்து நான்கில் ஒரு பங்கு

நிஜமான கார் அல்லது லாரியை அதன் எல்லா உறுப்புகளோடும் ஒரே விகிதத்தில் சுருக்கி, தனித்தனிப் பாகங்களிலிருந்து கையால் கட்டுவதே ஸ்கேல் மாடல் கலை. பொம்மைக் காரின் சக்கரம் சற்றுப் பெரிதாக இருந்தாலும் குழந்தை அதைப் பொருட்படுத்தாது. மாடலிலோ டயரின் பருமன், கண்ணாடியின் சாய்வு, கதவுப் பிடியின் நீளம் எல்லாமே ஒரே எண்ணால் வகுபட்டிருக்க வேண்டும். இந்தக் கலையின் எல்லா வேலையும் அந்த எண்ணைக் கடைசிவரை காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

அதிகம் புழங்கும் அளவு 1/24. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு அது. 4.8 மீட்டர் நீளமுள்ள கார் இந்த அளவில் 20 சென்டிமீட்டர் ஆகிறது. கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியே கிட். ஜப்பானிய, ஐரோப்பிய கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவிலும், அமெரிக்க கிட்டுகள் 1/25 அளவிலும் வருகின்றன. சேகரிப்பவர்கள் விரும்பும் 1/43 அளவு, ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற ரயில் மாடல் அளவிலிருந்து வந்தது. இயந்திர நுணுக்கங்களைக் காட்ட விரும்புவோர் 1/12 அளவுக்குப் போகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கலையின் வேர்கள் கார்த் தொழிலோடு பின்னிக் கிடக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மாடல் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியைச் செய்யச் சொன்னார்கள். பின்னர் சொந்த வடிவமைப்பில் 1/12 அளவுக் கார்களைக் கேட்டார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947-இல் வென்ற சக் ஜோர்டன், பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கார் விற்பனையாளர்கள் புது மாடல் கார்களின் சிறிய உருவங்களை விளம்பரத்துக்காகக் கொடுத்தார்கள். அவற்றைத் தயாரித்த ஏ.எம்.டி. நிறுவனம், 1958-இல் அதே கார்களைப் பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியிலிருந்து தொழிற்சாலையில் வந்தபடியோ, அலங்கரித்த காராகவோ, பந்தயக் காராகவோ கட்டிக்கொள்ளலாம். ஜப்பானில் ஷிசுவோகா நகரம் இந்தத் தொழிலின் தலைநகரானது. அங்கே 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய டமியா, 1960-இல் பிளாஸ்டிக் மாடலுக்கு வந்தது. 1976-இல் வெளிவந்த 1/12 அளவு போர்ஷே 934 மாடலுக்காக, நிறுவனரின் மகன் ஷுன்சாகு டமியா நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்க்கச் செய்தார்.

கிட்டின் மூலப்பொருள் பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக். அதை உருக்கி, மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். குளிர்ந்து வெளிவரும்போது பாகங்கள் ஒரு சட்டத்தில் கோத்தாற்போல் இருக்கும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை அவற்றில் மிச்சமிருக்கலாம். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. ஆகவே முதல் வேலை, சோப்பு நீரில் கழுவிக் காயவைப்பது.

அடுத்து, பாகங்களை நறுக்கியால் வெட்டியெடுத்து, பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். அச்சின் துண்டுகள் சந்தித்த இடங்களில் காரின் உடல்மேல் மெல்லிய கோடுகள் ஓடும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். மாடல் பசை சாதாரணப் பசையைப் போல் இடையில் நின்று ஒட்டுவதில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு மட்டும் வெள்ளைப் பசையே நல்லது. உடனே ஒட்டும் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும்.

பெயின்ட்தான் கடினமான கட்டம். நிஜக் காரின் மேல் பெயின்ட் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதே தடிமனில் 1/24 மாடலுக்குப் பூசினால், அது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். கதவு இடுக்குகள் அடைபடும், எழுத்துகள் மழுங்கும். அதனால்தான் ஏர்பிரஷ்ஷாலோ ஸ்ப்ரே டப்பாவாலோ மெல்லிய அடுக்குகளாகப் பூசுகிறார்கள். பிரைமர் என்னும் அடிப்பூச்சு கீறல்களைக் காட்டிக்கொடுக்கும்; அதன்மேல் நிறம், பின்பு நிறமற்ற பளபளப்புப் பூச்சு, கடைசியாக பாலிஷ். ஜன்னல் ஓரத்துக் குரோம் பட்டிகளுக்கு ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத் தாளைப் பதித்து, கூரிய கத்தியால் ஓரம் வெட்டுகிறார்கள்.

லாரி மாடல் வேறு வகைப் பொறுமை கேட்கிறது. காரில் உடலுக்குள் மறைவது லாரியில் வெளியே தெரிகிறது: அடிச்சட்டம், லீஃப் ஸ்பிரிங், காற்றுத் தொட்டிகள், டீசல் டாங்க், டிரெய்லரைப் பூட்டும் தட்டு. அடிச்சட்டம் சிறிதளவு முறுக்கிக்கொண்டாலும் பத்து டயர்களில் ஒன்று தரையைத் தொடாது. எனவே சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்தே அதை ஒட்டுகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையின் 53 அடி டிரெய்லர் 1/25 அளவிலும் சுமார் 65 சென்டிமீட்டர் வரும். இடமும் திட்டமிட வேண்டிய ஒன்று. ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் 359 லாரி, இத்தாலெரி நிறுவனத்தின் ஐரோப்பிய லாரிகள் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை.

உழைக்கும் வண்டி புதிதாக இருந்தால் பொய்யாகத் தெரியும். அழுக்குக்கும் காரணம் உண்டு: சேறு சக்கரத்தின் பின்புறம் தெறிக்கும், டாங்க் மூடியின் கீழே டீசல் வழியும், புகைக்கரி சைலன்சர் வாயைச் சுற்றிப் படியும். நீர்த்த ஆயில் பெயின்டை இடுக்குகளில் ஓடவிட்டும், நிறப்பொடி தூவியும் இதைச் செய்கிறார்கள். பெயின்ட் உதிர்ந்த இடத்தைக் காட்ட, துரு நிறத்தின்மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் அக்ரிலிக் நிறம் பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தால் மேல்நிறம் அங்கங்கே பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும்.

தேர்ந்தவர்கள் கிட்டோடு நிற்பதில்லை. என்ஜினுக்கு வயர் இழுக்கும்போதும் விகிதம் வேலை செய்கிறது: நிஜத்தில் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் வயருக்கு 1/25 அளவில் சுமார் 0.3 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். கிட் வராத வண்டிகளைப் பிளாஸ்டிக் தகடுகளை அளந்து வெட்டியே உருவாக்குகிறார்கள். ரெசின் வார்ப்பும் முப்பரிமாண அச்சும் இதை எளிதாக்கியுள்ளன.

புதிதாகத் தொடங்குபவருக்கு, பாகங்கள் குறைந்த 1/24 கார் கிட் ஒன்று, நறுக்கி, கத்தி, உப்புத்தாள், பசை, ஒன்றிரண்டு நிறங்கள் போதும். பசையும் பெயின்டும் ஆவியாகும் கரைப்பான்கள் கொண்டவை. காற்றோட்டமான இடமும், ஸ்ப்ரே செய்யும்போது ஏற்ற முகமூடியும் கட்டாயம். பிளாஸ்டிக்கை ஈரத்தில் தேய்த்தால் தூசி பறக்காது. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காயும்வரை காத்திருப்பவருக்கே வேலை நன்றாக அமையும்.