பேய்களோடு ஒரு நடை

பேய் என்றதும் நம் ஊர்ப்பக்கத்தவர்க்குப் புளியமரமும் உச்சிப்பொழுதும் நினைவுக்கு வரும். கொல்கத்தாப் பேய்களோ அலுவலகங்களில் வாழ்கின்றன! அவற்றைக் காட்டுவதற்கென்றே இரவில் வழிகாட்டியுடன் நடைப்பயணங்கள் நடைபெறுகின்றன. லால்திகி என்னும் குளத்தைச் சுற்றியுள்ள பழைய டல்ஹௌஸி சதுக்கத்தில் அத்தகைய நடையொன்றில் நானும் அண்மையில் கலந்துகொண்டேன். பேய் எதையும் காணவில்லை. பேய்க்கதை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கண்டேன்.

பேய்க்கதை பிறப்பதற்கு மூன்று வேண்டும். ஒன்று, தீராத வழக்கு. இரண்டு, இன்றும் நிற்கும் கட்டடம். மூன்று, இரவில் ஆளரவமற்ற தெரு. பகலெல்லாம் குமாஸ்தாக்கள் நெரியும் இச்சதுக்கம் அந்தி சாய்ந்ததும் வெறிச்சோடிவிடுகிறது. எனவே மூன்றாவதற்குக் குறைவில்லை.

முதலில் ரைட்டர்ஸ் கட்டடம். இங்கே 'ரைட்டர்' என்பவர் எழுத்தாளர் அல்லர். கும்பினியின் இளநிலைக் கணக்கர். அவர்களுக்காக 1777இல் கட்டத் தொடங்கிய மாளிகை பிற்காலத்தில் அரசுத் தலைமைச் செயலகமாயிற்று. 1930 டிசம்பர் 8ஆம் நாள் பினய், பாதல், தினேஷ் என்னும் மூவர் ஐரோப்பிய உடையில் உள்ளே புகுந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்ப்ஸனைச் சுட்டுக் கொன்றனர். மூவரில் மூத்தவருக்கு 22 வயது; நம் வயதுதான்! பாதல் அங்கேயே நஞ்சுண்டு மாண்டார். பினய் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். தினேஷ் 1931 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். இரவில் தாழ்வாரத்தில் கேட்கும் காலடியோசை சிம்ப்ஸனுடையது என்பது கதை. சதுக்கத்தின் இன்றைய பெயரோ அம்மூவருடையது. பெயர் ஒருவர்க்கு, பேய் இன்னொருவர்க்கு!

அடுத்தது 1868இல் எழுந்த பெரிய அஞ்சலகம். பழைய வில்லியம் கோட்டையின் இடத்தில் அது நிற்கிறது. 1756 ஜூன் 20ஆம் நாள் இரவு அக்கோட்டையின் சிற்றறையில் 146 பேர் அடைக்கப்பட்டு, 23 பேரே பிழைத்தனர் என்று ஹால்வெல் எழுதினார். இதுவே 'இருட்டறை' நிகழ்ச்சி. அத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் கருதினர். கர்சன் நிறுவிய நினைவுச் சின்னத்தை அகற்றும்படி 1940இல் சுபாஷ் போஸ் கிளர்ச்சி தொடங்கினார். அதன்பின் அது புனித ஜான் தேவாலய வளாகத்துக்கு மாற்றப்பட்டது.

அவ்வளாகத்தை இரவில் வேலிக் கம்பியின் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. பகலில் போய்ப் பாருங்கள். அங்கே ஜாப் சார்னக்கின் கல்லறை இருக்கிறது. அவர்மேல் மூடிய கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்! அதனை ஆராய்ந்த ஹாலண்ட் என்னும் நிலவியலார் அவ்வகைப் பாறைக்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். நம்மூர்க் கல் உலகமெங்கும் வழங்குவது, தன்கீழ்ப் படுத்தவரின் பெயரால்!

நடை முடிந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. பேய்களில் பெரும்பாலோர் துரைமார்களாக இருப்பதேன்? 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். ஆயினும் 1771இன் வரிவசூல் 1768இன் வசூலையும் மிஞ்சியது என்று எழுதியவரும் அவரே. 1943இல் சோறு வடித்த கஞ்சியேனும் கிடைக்காதா என்று வந்த சிற்றூரார் இந்நகரத்தின் நடைபாதைகளிலேயே செத்து விழுந்தனர். அந்தப் பஞ்சம் வங்காளத்தில் கொண்ட உயிர்கள் பல இலட்சம். அவர்கள் வழக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆனால் அவர்களுக்குத் தாழ்வாரம் இல்லை, கல்லறை இல்லை, ஏட்டில் பெயரும் இல்லை. உலாவ இடமில்லாதவர் பேயாகவும் ஆக முடிவதில்லை!

நண்பர்களே, நீங்களும் ஒருமுறை இந்நடைக்குச் செல்லுங்கள். அச்சத்துக்காக அன்று, வரலாற்றுக்காக. வழிகாட்டி கதையை முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவ்விடத்தில் இறந்தும் பேயாகாதவர் யார்?" இருட்டைவிட அக்கேள்வியே நம்மை நடுங்க வைக்கும்.